கடைக்குட்டி வீடு

2017 ஜனவரி முழுக்க சேலத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தது ஒரே விஷயத்தைத்தான். நான் பெண்டாட்டியின் மாற்றலுக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு போகிறேனாம். அவளுக்கு மத்திய அரசு வேலை, பத்து வருஷ சர்வீஸ் முடியாதவர்கள் வடகிழக்குக்குப் போனால் மூன்று வருஷம் அங்கே இருக்க வேண்டும் என்பது விதி, வந்த ஆர்டரில் மேகாலயாவின் தலைநகர் ஷில்லாங் என்று இருந்தது. நான் சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிற ஆள். எனக்கு ஒரு லேப்டாப்பும் இண்டர்நெட்டும் போதும், எங்கே இருந்தாலும் வேலை நடக்கும். பெரியவனுக்கு ஆறு வயசு, சின்னவளுக்கு இரண்டரை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் பெரியப்பா கேட்டார், "ஏன்டா, அவ போயிட்டு வரட்டும், நீ எதுக்குப் பின்னாடியே போற?" நான் பதில் சொல்லவில்லை. மாற்றல் எனக்கு வந்து அவள் பின்னாடி வந்திருந்தால் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி முதல் வாரம் கிளம்பினோம். சென்னையிலிருந்து குவஹாத்திக்கு விமானம், அங்கிருந்து மேலே நூறு கிலோமீட்டர் கார். வழியில் சாலையோரம் பெண்கள் கமலா ஆரஞ்சைக் கூம்பு கூம்பாக அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். பெரியவன் ஆறு பழம் தின்று, உமியம் ஏரி வருவதற்குள் வாந்தி எடுத்தான். ஷில்லாங் கிட்டத்தட்ட ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், அதாவது நம் ஏற்காடு உயரம்தான். அந்தத் தைரியத்தில் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போயிருந்தோம். முதல் ராத்திரியே புரிந்துவிட்டது, உயரம் ஒன்றானால் குளிரும் ஒன்றாகிவிடாது.

வீடு பார்த்தது என் மனைவியின் அலுவலக நண்பர் மூலமாக, லைதும்க்ரா பக்கம். தகரக் கூரை, மரத்தரை, பாதிச் சுவர் பலகையும் பூச்சும். 1897-இல் வந்த பெரிய நிலநடுக்கத்தில் கல் கட்டடங்கள் எல்லாம் தரைமட்டமான பிறகுதான் இப்படி லேசான வீடுகளாகக் கட்ட ஆரம்பித்தார்களாம். மழைக்காலத்தில் அந்தத் தகரத்தின் மேல் மழை விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சின்னவள் முதல் இரண்டு வாரம் காதைப் பொத்திக்கொண்டு தூங்கினாள்.

வீட்டுக்கார அம்மா மேலே குடியிருந்தார். அங்கே வயசில் மூத்த பெண்களை 'காங்' என்று கூப்பிட வேண்டும், நம் அக்கா மாதிரி. ஆண்களுக்கு 'பா', அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பழக்க தோஷத்தில், "வீட்டுக்காரரிடம் பேச வேண்டும்" என்றேன். காங் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நான்தான் வீட்டுக்காரி" என்றார். அவருடைய கணவர் சமையல்கட்டு வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். சிரித்தார், பேச்சில் நுழையவே இல்லை. சரி, வாடகை எவ்வளவு என்றால், அதையும் காங் உடனே சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அண்ணன் வருவார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். வீடு அவருடையது, கணவர் பக்கத்திலேயே நிற்கிறார், ஆனால் கேட்க வேண்டியது அண்ணனிடம்! அன்றைக்கு எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். காசி என்பது அந்த மலையின் பழங்குடி மக்கள் பெயர். அவர்களிடம் குலம் அம்மா வழியில் வருகிறது. குலத்துக்கு 'குர்' என்று பெயர். பிள்ளைகள் எல்லோரும் அம்மாவின் குலப்பெயரைத்தான் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறார்கள். பூர்வீக வீடு கடைசிப் பெண்ணுக்குப் போகும். கடைசிப் பெண்ணைக் கட்டுகிறவன் பெரும்பாலும் மாமியார் வீட்டுக்கே குடிவந்துவிடுவான். சொத்து விவகாரம், கல்யாணப் பேச்சு எல்லாவற்றிலும் அம்மாவின் சகோதரனுக்குத்தான் பெரிய குரல். அப்பாவுக்கு மரியாதை உண்டு, பாசம் உண்டு, ஆனால் அவர் வேறு குலத்து ஆள். அதனால் நான் மனைவியின் வேலைக்காக வந்தவன் என்று சொன்னபோது அந்தத் தெருவில் யாரும் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. கல்யாணம் ஆனவன் பெண்டாட்டி இருக்கிற இடத்தில் இருக்கிறான், இதில் என்ன செய்தி? ஐந்நூறு பேர் கூடின கல்யாணத்தில் மாப்பிள்ளையாக நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

கடைசிப் பெண்ணுக்கு அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை இருக்கிறது. கடைசியில் ஒரு மூச்சுக்காற்று சேர்த்துச் சொல்வார்கள், என் காதில் விழுந்தது 'கத்து' என்று. காங் முதல் நாள் எங்கள் சின்னவளைத் தூக்கிக் கொஞ்சி, "இவள்தான் கத்து, வீடு இவளுக்குத்தான்" என்றார். விமானம் ஏறியதிலிருந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்த பிள்ளை அவள். பெரியவன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். ஆனால் சிரித்து முடித்ததும் அவன் கேட்டான், "அப்ப எனக்கு என்னப்பா?" காங்கிடம் கேட்டுச் சொன்னேன். அவனுக்குத் தங்கையின் பிள்ளைகள்மேல் அதிகாரம் கிடைக்குமாம். ஆறு வயசுப் பையனுக்கு அது பிடித்துப்போனது, தங்கைக்கு எப்போது குழந்தை பிறக்கும் என்று ஒரு வாரம் விசாரித்துக்கொண்டிருந்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊரிலிருந்து போகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, ஆகா, பெண்கள் ஆளும் நாடு என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. காங் சொன்ன கணக்கு வேறு. வீடு அவர் பேரில் என்பது, அப்பா அம்மாவைக் கடைசி வரைக்கும் பார்ப்பது அவர் வேலை, கல்யாணமாகாத அண்ணன் வந்து தங்கினால் சோறு போடுவது அவர் வேலை, பிழைப்புக் கெட்டுத் திரும்பி வருகிற அக்காவுக்கு ஒரு அறை ஒதுக்குவதும் அவர் வேலை என்று அர்த்தம். நினைத்தபடி விற்கவும் முடியாது. பேட்டைக்குத் தலைவராக, ரங்பா ஷ்னோங் என்று ஒருவர் இருப்பார். காலங்காலமாக அது ஆண்கள் இடம்தான், எங்கள் பேட்டையிலும் ஆண்தான். அந்தப் பக்கம் ஆண்களுக்கும் மனக்குறை உண்டு. அப்பா வழிக்கு மாற வேண்டும் என்று கேட்கும் சங்கமே 1990-லிருந்து இருக்கிறது. ஷேர் டாக்ஸியில் ஒரு டிரைவர், "மாமியார் வீட்டில் நான் விருந்தாளி, அம்மா வீட்டுக்குப் போனால் அங்கேயும் விருந்தாளி" என்றார். நம் ஊரில் ஒவ்வொரு பெண்ணும் சொல்வது இது. ஒரு ஆண் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

இரண்டாவது மாசம் ஒரு சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்தேன். காங் வீட்டுக்குப் போனால் டீக்கு முன்னால் க்வாய் கொடுப்பார்கள். வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு, நமக்குத் தெரியாததா என்று வாயில் போட்டேன். நம் ஊர்ப் பாக்கு காய்ந்த பாக்கு. அது பச்சைப் பாக்கு, ஈரமாக, நாற்றத்தோடு இருக்கும். ஒரு நிமிஷத்தில் காது சூடாகி, நெற்றி வேர்த்து, உட்கார்ந்த நாற்காலி மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. காங் சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தார். அங்கே க்வாய் இல்லாமல் எதுவும் கிடையாது. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் தூரத்தையே எத்தனை க்வாய் மெல்லும் நேரம் என்றுதான் சொல்வார்களாம். செத்துப்போனவரை, கடவுள் வீட்டில் க்வாய் தின்னப் போய்விட்டார் என்பார்கள். நானும் போயிருப்பேன்.

அந்தக் கிறுகிறுப்பில் பேச்சு தாய்மாமன் பக்கம் திரும்பியது. எங்கள் ஊரிலும் தாய்மாமனுக்குப் பெரிய இடம் உண்டு, காது குத்தும்போது மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைப்போம், கல்யாணத்துக்கு மாமன் சீர் வர வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். காங்குக்கு ரொம்பச் சந்தோஷம், "நாம் ஒன்றுதான்" என்றார். ஆனால் உங்கள் ஊர் மாமன் முடிவு எடுக்கிறார், எங்கள் ஊர் மாமன் செலவு செய்கிறார் என்றேன், அதற்கும் சிரித்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "என் அம்மா அவங்க சொந்தத் தாய்மாமனையேதான் கட்டிக்கிட்டாங்க" என்று பெருமையாகச் சொன்னேன்.

காங்கின் முகம் அப்படியே மாறிவிட்டது. கணவரைப் பார்த்துக் காசி பாஷையில் ஏதோ கேட்டார், அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். நான் ஹிந்தியில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, பாட்டியின் கூடப்பிறந்த தம்பி, அதே வயிற்றில் பிறந்தவர் என்று இன்னும் தெளிவாக விளக்கினேன். நிலைமை இன்னும் மோசமானது. என் மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

விஷயம் இதுதான். அவர்கள் கணக்கில் அம்மா, பாட்டி, பாட்டியின் தம்பி எல்லோரும் ஒரே குர். ஒரே குலத்துக்குள் கல்யாணம் என்பது 'சாங்', மகாபாவம், அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது, குலத்தை விட்டே தள்ளிவைத்துவிடுவார்கள். நம் கணக்கில் குலம் அப்பா வழி. அம்மா அவள் அப்பாவின் குலம், மாமன் வேறு வீட்டுக் குலம், ஆகவே கட்டிக்கொள்ளலாம், கட்டிக்கொள்ளாவிட்டால்தான் கோபம். இதே மாமன், இதே மருமகள். குலக்கோடு எந்தப் பக்கமாக ஓடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் ஒரு பேப்பர் வாங்கி இரண்டு வம்சக் கிளையும் படம் போட்டுக் காட்டினேன். காங் நெடுநேரம் பார்த்தார். "புரிகிறது" என்றார், "ஆனால் என் அம்மாவிடம் இதைச் சொல்லாதே." அவருடைய அம்மாவுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

(சொந்தத்தில் கட்டுவதால் பிள்ளைகளுக்கு வரும் நோய் பற்றி டாக்டர்கள் சொல்வது எனக்கும் தெரியும். அது தனிக் கதை. காங்கின் அதிர்ச்சி அதற்காக இல்லை.)

சாப்பாடு நான் பயந்த அளவுக்கு இல்லை. நாங்கள் ஆடு கோழி சாப்பிடுகிறவர்கள்தான், ஆனால் பன்றி வீட்டுக்குள் வந்ததில்லை. அங்கே பன்றி இல்லாத விருந்து கிடையாது, அரிசியோடு ரத்தம் சேர்த்து ஆக்குகிற ஜாதோ, கறுப்பு எள் அரைத்துவிட்ட கறி. என் மனைவி இரண்டாம் மாசமே எள்ளுக் கறிக்கு மாறிவிட்டாள், எனக்கு ஒரு வருஷம் ஆனது. எங்களை அந்தத் தெருவோடு சேர்த்து வைத்தது கருவாடுதான். துங்தாப் என்று ஒரு துவையல், காய்ந்த மீனைத் தணலில் சுட்டுப் பச்சை மிளகாய், வெங்காயம் வைத்து இடிப்பார்கள். சேலத்தில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்டில் கருவாடு வறுத்தால் எதிர்வீட்டுக் கதவு டமார் என்று சாத்தப்படும். இங்கே மத்தியானம் தெருவில் நடந்தால் வரிசையாக எல்லா வீட்டிலும் அதே வாசனை. ஊரிலிருந்து நெத்திலி வரவழைத்துத் தொக்கு செய்து காங்குக்குக் கொடுத்தோம். மறுநாள் காலி டப்பா வரவில்லை, காங்கின் அக்காமார் மூன்று பேரும் அவரவர் டப்பாவோடு வந்து நின்றார்கள்.

இட்லிதான் அழ வைத்தது. ஜனவரியில் மாவு இரண்டு நாள் ஆனாலும் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஸ்வெட்டர் சுற்றிப் பார்த்தேன், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிப் பார்த்தேன். கடைசியில் எங்கள் கட்டிலிலேயே, ரஜாய்க்குள், இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் மாவுச் சட்டியைப் படுக்க வைத்தோம். பொங்கியது. படுக்கையிலும் பொங்கியது.

சூரியன் விஷயம் யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஜூனில் காலை நாலரைக்கெல்லாம் விடிந்து பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்துவிடும், டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும், ஆனால் ஆபீஸ் நேரம் மட்டும் நம் ஊர் மாதிரியே. பள்ளிக்கூட வருஷமும் வேறு. பிப்ரவரியில் ஆரம்பித்து டிசம்பரில் முடியும், குளிருக்குத்தான் நீண்ட லீவு. சேலத்தில் ஒன்றாம் வகுப்பு முடிக்க இரண்டு மாசம் இருந்த பெரியவனை இங்கே திரும்ப முதலிலிருந்து ஒன்றாம் வகுப்பில் போட்டார்கள். அவனுக்கு அவமானம். ஆனால் பாடம் எல்லாம் தெரிந்ததால் முதல் முறையாக முதல் ராங்க் வாங்கினான், அவமானம் போய்விட்டது.

பாஷை பிள்ளைகளுக்குத்தான் வந்தது. காசியை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். 1841-இல் வந்த தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் பாதிரியார் அமைத்துக் கொடுத்த முறை, எழுத்துக் கூட்டலில் அந்த வேல்ஸ் வாடை இருப்பதால் நமக்குக் கடைப் பலகையைப் படித்தாலே நாக்குச் சுளுக்கும். சின்னவள் எதையும் படிக்கவில்லை, காங்கின் பேத்திகளோடு மண்ணில் உருண்டே கற்றுக்கொண்டாள். "லா பம் ஜா?" என்பதுதான் அவள் பேசிய முதல் முழு வாக்கியம். சோறு தின்றாயிற்றா என்று அர்த்தம், வழியில் பார்க்கிறவர்களிடம் அங்கேயும் அதைத்தான் கேட்கிறார்கள். சூரியன் அவர்களுக்குப் பெண், சந்திரன் ஆண். கூடப்பிறந்தவளான சூரியன் சாம்பலை வீசியதால்தான் நிலாவின் முகத்தில் கறை என்று ஒரு கதை சொல்லிவிட்டு, தன் அண்ணன் முகத்தில் ஒரு கை அடுப்புச் சாம்பலையும் பூசினாள்.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று சொன்னால் பொய். வெளியாளுக்கு அங்கே ஒரு சொல் உண்டு, 'த்கார்'. சிலர் வெறும் அடையாளமாகச் சொல்வார்கள், சிலர் சொல்லும்போது பல் கடிபடும். வந்த வாரமே ரங்பா ஷ்னோங் வீட்டில் எங்கள் அடையாள அட்டை எல்லாம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பழங்குடி அல்லாதவர்கள் அந்த மாநிலத்தில் பெரும்பாலான இடங்களில் நிலம் வாங்க முடியாது, 1971-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். முதலில் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கீழே சமவெளியில் கோடிக்கணக்கான பேர் இருக்க, மேலே கொஞ்சம் பேர் தங்கள் மலையை இப்படித்தானே காப்பாற்ற முடியும் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே மனசுக்குள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. 1979-லும், 1987-லும், 1992-லும் வெளியாட்களுக்கு எதிராக நடந்த கலவரங்களை அலுவலகத்தில் ஒரு பெங்காலிப் பெரியவர் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார், அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிறது.

2018 மே கடைசியில் நாங்களே ஒன்றைப் பார்த்தோம். நகரத்துக்கு நடுவே ஒரு தகராறு, அது பெருகிக் கல்வீச்சு, ஊரடங்கு, மொபைல் இண்டர்நெட் கிடையாது. எனக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிற தேதி நெருங்குகிறது, சேலத்திலிருந்து போன் மேல் போன், அம்மா அழுகிறாள். எங்களுக்கு எதிராக யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் நாள் காங்கின் அண்ணன் எங்கிருந்தோ நடந்தே வந்தார். தங்கை வீட்டில் எல்லோரும் சரியா என்று பார்த்துவிட்டு, கீழே எங்கள் கதவையும் தட்டி, பால் பவுடர் டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வாடகையில் ஐந்நூறு ரூபாய் கூட்டியவர் அவர்தான் என்று அதுவரைக்கும் எனக்கு அவர்மேல் ஒரு கடுப்பு இருந்தது.

அதே வருஷம் ஜூலையில், வெளியாளைக் கட்டிக்கொள்கிற காசிப் பெண்ணுக்குக் காசி என்ற தகுதியே போய்விடும் என்று அங்கே மாவட்ட கவுன்சிலில் ஒரு மசோதா வந்தது. காங் வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் அதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம், மரத்தரை வழியாக எல்லாம் கீழே கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம்.

2020 பிப்ரவரியில் திரும்பினோம். சின்னவள் காங்கின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்று கத்தினாள், பெயருக்கு ஏற்றபடி. பெரியவன் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தான், ஊரில் ஜூனில்தான் நாலாம் வகுப்பு என்று நாலு மாச லீவு கொடுத்தோம். அப்புறம் மார்ச்சில் ஊரே லீவு விட்டது உங்களுக்கே தெரியும்.

ஊரடங்கு தளர்ந்ததும் அப்பா பூர்வீக வீட்டுப் பேச்சை எடுத்தார். அது அவர் அப்பா வழியில் வந்த சொத்து. தமிழ்நாட்டில் 1989-லிருந்தே பெண்ணுக்கும் சம பங்கு உண்டு, என் தங்கைக்குக் கல்யாணம் ஆனது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. அதனால் அவள் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் வீடு என் பேருக்கு வரும். நம் ஊரில் வழக்கமாக நடக்கிறதுதான், "அவளுக்குத்தான் நகை போட்டாச்சே." தங்கையும் எதுவும் பேசவில்லை. பத்திர எழுத்தர் நகல் எழுதிக் கொடுத்தார், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தோம். சின்னவள் அத்தையின் மடியில் இருந்தாள். அவளுக்கு அப்போது ஆறு வயசு.

"தாத்தாவுக்குக் கத்து யாரு?" என்று கேட்டாள்.

யாருக்கும் புரியவில்லை. பெரியவன்தான், கடைசிப் பெண் என்று அர்த்தம் சொன்னான். அத்தைதான் என்றார் அப்பா.

"அப்ப வீடு அத்தைக்குத்தானே? எதுக்கு அப்பாவுக்கு எழுதுறீங்க?"

பெரியப்பா சத்தமாகச் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். தங்கை மட்டும் சிரிக்காமல் பிள்ளையின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். நான் காப்பி எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனேன். மறுநாள் ரெஜிஸ்டர் ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. வேலை இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அந்த நகல் இன்னும் பீரோவில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. தங்கை தீபாவளிக்கு வரும்போது அவளிடம் பேச வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைக்கிறேன். அப்பா கேட்பதை நிறுத்திவிட்டார். பெரியப்பா நிறுத்தவில்லை.